ஜலமும் இருட்டறையும்: கேள்வி-பதில்

கேள்வி (நீலசந்திரா வாசகர்): குடிநீருக்கும், மாடியில் நான் அமைத்திருக்கும் புகைப்பட இருட்டறைக்கும் சேர்த்து ஒரே சுத்திகரிப்பு யந்திரம் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், பணமும் நஷ்டமாகும், படமும் நஷ்டமாகும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தொரெகாடனஹள்ளியில் தொடங்கி, ஐந்நூறு மீட்டர் அளவுக்கு மேல்நோக்கி ஏற்றப்பட்டு, 1974 முதல் நமது பெங்களூருக்கு வந்துகொண்டிருக்கும் காவிரி, உங்கள் வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்பில் இறங்கிய மறுகணமே போர்வெல் தண்ணீரோடும் டாங்கர் லாரித் தண்ணீரோடும் சம்பந்தம் செய்துகொண்டுவிடுகிறாள். ஆகையால் யந்திரத்தின் விலையை விசாரிக்குமுன் சம்புத் தண்ணீரின் ஜாதகத்தைப் பரிசோதனைச் சாலையில் கணித்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், கடினத்தன்மை 200க்குள்ளும் இருப்பதே விரும்பத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த எல்லைக்குள் இருக்குமானால் கார்பனும் புற ஊதா விளக்கும் குடிநீருக்குப் போதும், சவ்வின் வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. அநாவசியம்.

கேள்வி: விற்பனையாளரோ ஆர்.ஓ. தண்ணீரே இருட்டறைக்கும் உத்தமம் என்கிறாரே?

பதில்: அவருக்கு உத்தமம், சந்தேகமில்லை. பிலிமுக்குப் பரம சத்துரு உப்பன்று, தூசியும் துருவும்தான். ஈரத்தில் இளகி நிற்கும் ஜெலட்டின் மீது ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டால், பெரிதாக்கி அச்சிடும்போது அது அழகிய முகத்தில் அம்மைத் தழும்பாகக் காட்சியளிக்கும். இதற்கு ஐந்து மைக்ரான் வடிகட்டி ஒன்றே பரிகாரம். டெவலப்பர் கரைக்கும்போது கடின நீரில் சுண்ணாம்பு பால்போலத் திரிவதுண்டு. ஆனால் கடையில் விற்கும் பொடிகள் பலவற்றில் அதை அடக்கிவைக்கும் மருந்தையும் சேர்த்தே விற்கிறார்கள். அலசும் கட்டத்திலோ விஷயம் தலைகீழ்: உப்பே இல்லாத தண்ணீர் ஜெலட்டினை அளவுக்கு மீறி ஊதவைக்கும். கடல் நீரில்கூட, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ விரைவாக வெளியேறும், பிறகு நல்ல தண்ணீரில் உப்பைப் போக்கிவிடவேண்டும் என்பதுதான் நிபந்தனை. மிதமான கடினத்தன்மையுள்ள காவிரி ஜலம் அலசுவதற்கு வெகு சிலாக்கியம். காயும்போது பிலிமில் பொட்டுகள் விழாதிருக்க, கடைசியாக ஒரே ஒரு முறை, வாலை வடிநீரில் நனைப்பான் திரவம் சில சொட்டு விட்டு முக்கி எடுங்கள்.

கேள்வி: வடிகட்டியை எங்கே பொருத்துவது? பிளம்பர், "எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் சார்" என்கிறார்.

பதில்: மாட்டலாம், கழற்றப்போவது நீங்கள் என்பதை மறக்கவேண்டாம். வடிகட்டிக் கூட்டின் அடியில் கிண்ணத்தைத் திருகி இறக்க இடமும், இரு பக்கமும் மூடும் வால்வுகளும், வடிகட்டியைத் தவிர்த்துப் போக ஒரு மாற்றுக் குழாயும் இல்லாவிடில், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வீடே பிரளயத்தைத் தரிசிக்கும். இன்னொன்று: மாடித் தொட்டியிலிருந்து ஒரு மீட்டர் இறக்கத்துக்கு சுமார் பத்தில் ஒரு பார் அழுத்தமே கிடைக்கிறது. மாடியிலேயே இருக்கும் உங்கள் இருட்டறைக்கு அது அற்பம்; பத்து அங்குலக் கூட்டை விட்டு, பருத்த இருபது அங்குலக் கூடாக வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ.வுக்குள் தனியே ஒரு சிறு பம்பு இருப்பதும் இதனால்தான். அதில் கார்பன் முன்னால் இருக்கட்டும். குளோரின் நேராகப் பட்டால் சவ்வு கெட்டுவிடும்.

கேள்வி: ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரை என்ன செய்வது?

பதில்: தரை துடையுங்கள், கழிப்பறைக்கு விடுங்கள். 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவுவோருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று இந்நகரத்துக் குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது.

கேள்வி (ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு குடும்பத் தலைவி): என் கணவர் ரசப் பாத்திரத்தில் டெவலப்பர் கலக்குகிறார். கேட்டால், "வடிகட்டிய தண்ணீர்தானே" என்கிறார்.

பதில்: அம்மணி, தண்ணீர் நிரபராதி, அதில் கரைவதுதான் குற்றவாளி. டெவலப்பரிலுள்ள மெட்டால் சிலருடைய தோலில் தடிப்பை உண்டாக்கக்கூடியது. அந்தப் பாத்திரத்தை இருட்டறைக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, அவர் செலவில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். கையுறையும் அணியச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரித்தெடுப்போரிடம் சேர்ப்பிக்கும்படி அவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகத் தெரிவிக்கவும்.