90 வாட் சந்தேகம்

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் டி.வி. நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், மோட்டார் நிற்கும். என் லேப்டாப் மட்டும் அப்போதுதான் எழுந்து ஓடத் தொடங்கும்.

உலக வழக்கம் இதற்கு நேர்மாறானது. பேட்டரியில் ஓடும்போது சிக்கனமாக நடப்பதும், சார்ஜரைச் செருகியதும் முழு வேகம் எடுப்பதும்தான் லேப்டாப்புக்கு அழகு. என்னுடையது சுவரோடு தொடர்பு இருக்கும்வரை அசையாது. பிளக்கைப் பிடுங்கினால் ஒரே பாய்ச்சல்.

நான் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவன். 400 பக்க நாவல் ஒன்றில் எழுத்துருவை மாற்றச் சொன்னால், பேட்டரியில் அந்த வேலை ஒரு மடக்குக் காபிக்குள் முடிந்துவிடும். சார்ஜரோடு செய்தால், கடைக்குப் போய்க் காபிப்பொடி வாங்கி, டிகாஷன் இறக்கி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காரலாம். அப்போதும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அதில் ஃபேனும் லைட்டும்தான். என் மேஜையின் பிளக் அந்தப் பாக்கியம் பெறவில்லை. ஆகவே மின்தடை வந்தால் லேப்டாப் தானாகப் பேட்டரிக்குப் போய்விடும், வேலை பறக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்னின்ன பகுதிகளில் மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் வரும் அறிவிப்பைத் திருச்சியிலேயே ஆசையோடு தேடிப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒருமுறை பதிப்பாளர் ஃபோனில் கேட்டார்.

"புத்தகம் என்னிக்கு சார் கைக்கு வரும்?"

"வியாழக்கிழமை எங்க ஏரியாவுல ஷட்டவுன். அன்னிக்கு முடிச்சுக் குடுத்துடறேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் முதலில் வருவது ரிப்பேர்காரர் அல்ல, கருத்து. முதல் கருத்து மாடியிலிருந்து இறங்கி வந்தது. மாடி வீட்டு ஈ.பி. சார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரியம் அவரை விட்டுவிட்டதே தவிர, அவர் மின்சாரத்தை விடவில்லை.

"லோ வோல்டேஜ் தம்பி" என்றார், லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன்பே.

சார்ஜரின் வயிற்றில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினேன். உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட் வரை எதுவாக இருந்தாலும் சரி, வெளியே போவது 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்று அதில் போட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 90 வாட். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் அதற்குக் கவலையில்லை. பழைய ஃபிரிட்ஜுக்கு வைப்பதைப் போல ஸ்டெபிலைசர் வைக்க வேண்டியதும் இல்லை. இதையெல்லாம் சொன்னேன்.

"லேபிள்ல என்ன வேணா எழுதலாம்" என்றார். பிறகு லேப்டாப்பின் மேல் கையை வைத்தார், சட்டென்று எடுத்தார். முகம் மலர்ந்தது. "சுர்ருங்குது பாத்தியா? எர்த் இல்லை!"

இதில் அவர் சொன்னது சரி. உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பைச் செருகி வைத்துத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வரும், பலருக்கும் தெரிந்திருக்கும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வழியாகத் துளி மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் நம் வழியாகப் போகப் பார்க்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் திணித்துச் செருகும் வீடுகளில் இது சகஜம். விரல் எங்கே இருக்கிறது என்று டச்பேடுக்கும் குழப்பம் வந்து, அம்புக்குறி திரையில் தத்தித் தத்திக் குதிக்கும். என்னுடையதும் குதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஈ.பி. சார் கொல்லைப்புறம் போய் எர்த் குழியைப் பார்த்தார். கோடையில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சமையலறையிலிருந்து கல்லுப்பு, கிணற்றடியிலிருந்து வாளி. குழி குடித்துக்கொண்டே இருந்தது, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். வந்து பார்த்தால் குறுகுறுப்பு போயிருந்தது. அம்புக்குறி குதிக்காமல் நேராகப் போயிற்று. மிக மெதுவாக, ஆனால் நேராகப் போயிற்று.

"சரியாயிடுச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.

அடுத்த கருத்து என் மனைவியுடையது. "உள்ளே ஒட்டடை அடிச்சு எத்தனை காலம் ஆச்சு?" வீட்டில் எது நின்றாலும் அவள் கேட்கும் கேள்விதான். ஆனால் லேப்டாப் விஷயத்தில் இது கேட்க வேண்டிய கேள்வி. ப்ராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சுடும். காற்று போகும் வழியில் தூசி அடைத்திருந்தால் செருகியிருக்கும்போது மட்டும் திணறுவதற்கு நியாயம் இருக்கிறது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். விசிறியிலிருந்து ஒரு முழு நூல் வந்தது. அது என் வேட்டியுடையதா அவள் புடவையுடையதா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு வெப்பம் காட்டும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். செருகிய நிலையில் 46 டிகிரி. மே மாதத் திருச்சியில் 46 டிகிரிக்காக ஒரு ப்ராசஸரை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவதாக வந்தவன் அக்கா மகன். இன்ஜினீயரிங் கடைசி வருடம்.

"ஃபார்மட் பண்ணிடலாம் மாமா."

அவனுக்குத் தெரிந்த மருத்துவம் அது ஒன்றுதான். அதற்கு முன்னால் பவர் ஆப்ஷன்ஸைப் பார் என்றேன். விண்டோஸில் ப்ராசஸர் அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஓடலாம் என்பதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு: பேட்டரியில் இருக்கும்போது ஒன்று, செருகியிருக்கும்போது ஒன்று. இரண்டாவது கட்டத்தில் யாராவது 50 என்று போட்டுவைத்திருந்தால் என் நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதைப் பார்க்கக் காசும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். இந்த வியாதி உள்ள எவரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டிலும் 100 இருந்தது.

பிறகு அவன் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். ப்ராசஸரின் அடிப்படை வேகம் 2.40 கிகாஹெர்ட்ஸ் என்று கீழே எழுதியிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததோ 0.79. பிளக்கைப் பிடுங்கினான்: 3.4. செருகினான்: 0.79. பிடுங்கினான். செருகினான். அவனுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒருமுறைகூட அந்த எண் 0.78 என்றோ 0.85 என்றோ தடுமாறவில்லை. அசதியால் வந்த மெத்தனம் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும். இது யாரோ உத்தரவு போட்டு நிறுத்திவைத்த வேகம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபார்மட் பண்ணிவிட்டான். முன்பு லேப்டாப் மெதுவாக ஓடியது. இப்போது பிரிண்டர் இல்லாமல் மெதுவாக ஓடியது.

சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே மேஜையில் வைத்துச் செருகிய மாத்திரத்தில் குதித்து ஓடியது. "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் 0.79. மறுபடி கடை, மறுபடி பாய்ச்சல். போகப்போக அவர் என்னிடம் பேசும் குரலில் ஒரு கனிவு சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, தூக்கமெல்லாம் சரியாக வருகிறதா என்று விசாரித்தார். கடைசியில் என் மனம் நோகக் கூடாது என்று, "எதுக்கும் ரேம் கொஞ்சம் கூடப் போட்டுக்குங்க சார்" என்றார்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், மூலையில் எதையோ பற்றவைத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "சாரோட சார்ஜர் எங்கண்ணா?"

கடையில் ஓட்டியதெல்லாம் கடையின் சார்ஜரில்.

என் சார்ஜரைக் கொண்டுபோனதும் அவள் லேப்டாப்பை அணைத்து, எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனாள். விண்டோஸ் எழுவதற்கு முன்னால் இருக்கும் அந்தப் பகுதியில், அடாப்டர் என்று ஒரு வரி. நேரே '90 வாட்' என்று இருந்தது. அவள் சார்ஜர் வயரை முனைக்குப் பக்கத்தில் லேசாக வளைத்துச் செருகினாள். 'அன்னோன்' என்று மாறியது. நேராக்கிச் செருகினாள். 90 வாட். வளைத்தாள். அன்னோன். கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு அவர் என்னிடம் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த வகைச் சார்ஜரின் உருண்டை முனைக்கு நடுவே ஊசி மாதிரி ஒரு முள் இருக்கும். மின்சாரம் வருவது அதில் அல்ல, அது பேச்சுக்கு. சார்ஜருக்குள் ஒரு பொடிச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. செருகியதும் லேப்டாப் அந்த முள் வழியாக, நீ எத்தனை வாட் என்று கேட்கும். சில்லு பதில் சொல்லும். மின்சாரம் வரும் இரண்டு வயர்களும் தடிமன். பேச்சு வயர் மட்டும் மயிரிழை. வளைத்து வளைத்து முதலில் விடுவது அதுதான். அது விட்டாலும் மின்சாரம் வரும், விளக்கு எரியும், சார்ஜர் ஆரோக்கியமாகத் தெரியும். ஆனால் கேள்விக்குப் பதில் வராது.

பதில் வராவிட்டால் லேப்டாப் என்ன நினைக்கும்? அழைப்பில்லாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் இரண்டாம் முறை சாம்பார் கேட்க மாட்டான் அல்லவா, அந்த நிலை. எதிரே இருப்பது 90 வாட்டா, 45 வாட்டா தெரியாது. முழுப் பசிக்கு இழுத்து, அது சின்னச் சார்ஜராக இருந்துவிட்டால் சூடேறிக் கருகிவிடும். ஆகவே பேட்டரிக்கு ஒரு துளியும் ஏற்றாது, ப்ராசஸரையும் அடக்கிவைக்கும். அடக்குவதற்குத் தாய்ப்பலகையில் ஒரு தனிக் கம்பி உண்டு, ப்ராகாட் என்பார்கள். ப்ராசஸர் தனக்குச் சூடு தாங்கவில்லை என்று அறிவிப்பதற்காகப் போட்ட கம்பி. ஆனால் அது இருவழிப் பாதை. பலகையில் இருக்கும் மற்றவர்களும் அதில் "சூடு!" என்று தகவல் அனுப்பலாம். அனுப்பினால் ப்ராசஸர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காது, 46 டிகிரியா என்று யோசிக்காது, 0.79-க்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பேட்டரியில் ஓடும்போது விருந்து வைப்பவர் யார் என்ற கேள்வியே இல்லை; வீட்டுச் சாப்பாடு, முழு வேகம்.

பகலில் மேஜை விளிம்பிலிருந்து வயர் தொங்கும், முனையில் வளையும். இரவில் லேப்டாப்பைத் தரையில் வைத்துச் செருகுவேன். வயர் நேராகக் கிடக்கும், பேட்டரி நிரம்பும். மறுநாள் மேஜைக்கு ஏறியதும் சந்தேகம். எல்லாம் பொருந்தியது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "இவ்வளவு சந்தேகம் இருந்தா அது வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?" என்றேன்.

"சொல்லுமே சார். ஆன் பண்றப்பவே, அடாப்டரை அடையாளம் தெரியலைன்னு மெசேஜ் வரும், எஃப்1 அழுத்தச் சொல்லும்" என்றவள், பயாஸில் இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தாள். அடாப்டர் எச்சரிக்கை என்று ஒரு கட்டம். அதில் டிக் இல்லை. "யாரோ ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க."

வீட்டுக்கு வந்து மருமகனைக் கேட்டேன்.

"ஆமா மாமா, ஆன் பண்ணும்போதெல்லாம் ஏதோ இங்கிலீஷ்ல வந்து தொல்லை பண்ணிட்டே இருந்துது. பொங்கலுக்கு வந்தப்ப நான்தான் எடுத்துவிட்டேன்."

ஃபார்மட்டில் பிரிண்டர் போகும், ஆனால் பயாஸில் போட்ட வாய்ப்பூட்டு போகாது.

புதுச் சார்ஜர் வாங்கப் போனபோதுதான் லேப்டாப்பின் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்று புரிந்தது. கம்பெனி சார்ஜரின் விலையில் பாதிக்கும் குறைவாகக் 'கம்பாட்டிபிள்' கிடைக்கிறது. அவற்றிலும் சில்லு உண்டு. கேட்டால் 90 வாட் என்று தடங்கல் இல்லாமல் சொல்லும். பெட்டிக்குள் அவ்வளவு சரக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். வயர் அறுந்து பேச முடியாமல் போன என் பழைய சார்ஜர் யோக்கியன். நன்றாகப் பேசுகிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கு இன்னொரு குறுக்கு வழியும் மருமகன் சொன்னான். ப்ராகாட் கம்பியில் வெளியிலிருந்து வரும் தகவலைக் கேட்காதே என்று ப்ராசஸருக்குச் சொல்லும் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு டிக்கை எடுத்தால் போதும். வேகம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் பேட்டரி ஏறாது. சார்ஜர் நிஜமாகவே சின்னதாக இருந்தால் சூடேறப்போவது அதுதான். எச்சரிக்கைகளை எடுத்துவிடுவதில் அவனுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லி அசல் சார்ஜரையே வாங்கினேன்.

அவனுடைய லேப்டாப் டைப்-சி. எல்லாச் சார்ஜரும் எல்லாத் துளையிலும் நுழையும் என்பது அவன் பெருமை. நுழையும். ஆனால் 5 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கிற சார்ஜரிடம் கிடைப்பது 15 வாட். 20 வோல்டுக்குப் பேசி முடித்தால் 60. அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமென்றால் கேபிளுக்குள்ளும் ஒரு சில்லு இருந்து, நான் தாங்குவேன் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அப்போது 100. 2021-இல் வந்த விதிகளின்படி 240 வாட் வரைகூடப் போகலாம், அதற்குத் தனிக் கேபிள். இப்போது வயரும் அடையாளம் காட்ட வேண்டிய காலம். போன வாரம் அவன் ஃபோன் சார்ஜரைச் செருகிவிட்டு, "மாமா, என் லேப்டாப்பும் ஸ்லோவா இருக்கு" என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிக நிதானமாக, "எத்தனை வாட்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சார்ஜரின் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

மாடி வீட்டு ஈ.பி. சாரிடம் முள், சில்லு, கம்பி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. எர்த்துக்குத் தண்ணி ஊத்தின பிறகுதானே இதெல்லாம் வெளியில வந்துது?"

மறுக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பையனின் லேப்டாப் ஹேங் ஆகிறதாம். நேற்று மாலை சார் உப்புப் பாக்கெட்டும் வாளியுமாகக் கேட்டைத் திறந்துகொண்டு அங்கே போனார்.