வேதாகமம் வாங்கியபின் வாங்கவேண்டியவை
அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பது 1993 அளவில் சட்டபூர்வமாகிவிட்டதால், வேதாகமத்தைப் பாடமாக்க விரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்று அரசைவிடப் பெரிய தலைவலியாக இருப்பது பாடத்திட்டக் கண்காட்சிதான். 66 நூல்கள் கொண்ட ஒரே புத்தகத்தைக் கற்பிப்பதற்கு ஆசிரியர் கையேடு, பயிற்சி ஏடு, மனப்பாட அட்டை, சுவரில் ஒட்டும் காலவரிசைப் படம் என ஒவ்வொன்றும் தனி விலையில் அங்கே காத்திருக்கும்.

அனுபவமுள்ள பெற்றோர் பாடங்களை முதலில் புரட்டுவதில்லை. பதிப்பகத்தின் விசுவாச அறிக்கையை, அதாவது அது நம்புகிறவற்றின் பட்டியலை, வாடகை ஒப்பந்தம் படிப்பவரின் கவனத்தோடு வாசித்து, படைப்பின் ஆறு நாளும் இருபத்துநான்கு மணி நேர நாள்கள்தானா, குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா என்பதைத் தெரிந்துகொண்டபிறகே பணப்பையைத் திறக்கிறார்கள். பிரெஸ்பிட்டேரியன் வீட்டுப் பிள்ளை வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் 107 கேள்விகளையும் ஒப்பிக்க, பாப்டிஸ்ட் வீட்டுப் பிள்ளைக்கு அதே வினாவிடை ஞானஸ்நானப் பகுதி மட்டும் திருத்தப்பட்டுக் கிடைக்கிறது. சந்தை எவரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

உள்ளடக்கத்தை மதிப்பிடுவது இதற்கெல்லாம் பிறகுதான். சிறுவர்க்கான வண்ணம் தீட்டும் ஏடுகளில் நோவாவின் பேழைக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிச் சிரிக்கும். மூழ்கியவர்கள் எவரையும் படத்தில் காணமுடியாது. தாவீது கோலியாத்தை வீழ்த்திய பாடம் முடிந்ததும் பல ஏடுகள் நேரே சாலொமோனின் ஞானத்துக்குத் தாவிவிடுவதால், சாலொமோனின் தாய் யார் என்று கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குரிய விடை, தனி விலை கொடுத்து வாங்கிய ஆசிரியர் கையேட்டிலும் இருப்பதில்லை.