ஏமாறுறதையாவது முறைப்படி ஏமாறு மாப்ள

வா மாப்ள, உக்காரு. திண்ணை சுடும், துண்டை விரிச்சுக்க. பெங்களூரு ஆபீஸ் நாற்காலிக்குப் பழகின உடம்பு. மகனுக்கு வாங்கின துப்பாக்கியக் கொண்டாந்து காட்டுற. பாக்க அம்சமாத்தான் இருக்கு. தோட்டா எங்க? சுருள் கேப்பு நம்ம காரைக்குடியில கல்லுக்கட்டியில இருந்து கழனிவாசல் வரைக்கும் தேடியும் கிடைக்கலையாக்கும். துப்பாக்கிய மலிவாக் குடுத்த கடைக்காரரே கேப்புக்குத் தட்டுப்பாடுன்னு கைய விரிச்சுட்டாராக்கும். அவரு பொழைக்கத் தெரிஞ்சவரு. துப்பாக்கிய ஒருக்காத்தான் விக்க முடியும், கேப்ப தீபாவளி முடியிற வரைக்கும் விக்கலாம். ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாரு. உனக்காகவே ஒளிச்சு வச்சிருந்த மாதிரி அங்கிட்டு இங்கிட்டுப் பாத்துட்டு ஒரு பாக்கெட்ட எடுத்து நீட்டுவாரு. விலையும் அதுக்குத் தக்கன இருக்கும். நீயும் ரொம்ப நன்றிண்ணேன்னு சொல்லிட்டு வருவ.

என்னது, அதுனாலதான் சிவகாசிக்கே நேரா ஆர்டர் போடப் போறியா? 80 சதவீதம் தள்ளுபடியா? அடேயப்பா. தலை தீபாவளிக்கு உன் மாமனார் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா இறக்குனாக, அப்ப ஒரு நாளாச்சும் விலை கேட்டியா? இப்பத்தான் தள்ளுபடி கண்ணுல படுது. சரி, ஏமாறுறதுன்னு ஆகிப்போச்சு. அதையாவது முறைப்படி செய்யணும்ல. லாரி ஆபீஸ்ல பில்டி எழுதியே தேஞ்ச கை இது. நான் சொல்றேன், நீ போன கீழ வச்சிட்டுக் கேளு.

முதல்ல, நல்ல நாள் பாத்து ஏமாறணும். ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சிவகாசியில கடைகள்ல பூசை போட்டு அந்த வருசத்து யாவாரத்த ஆரம்பிப்பாக. விலைப்பட்டியலும் அதை ஒட்டித்தான் வெளிய வரும். தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் கிடக்கும். அன்னைக்கே உன் போன்ல படம் வந்து விழும்: இந்த வருசம் சரக்கு கம்மி, முந்துனவங்களுக்கு மட்டும்னு. முந்துனவன் பணம் கட்டுவான். பிந்துனவன் தீபாவளிக்கு முந்துன வாரம் போய் அதே சரக்க அதே விலைக்கு வாங்கிட்டு வருவான். ஆனா முந்துனோம்ங்கிற திருப்தி அவனுக்குக் கிடைக்காது பாரு.

தட்டுப்பாடே பொய்யின்னு நான் சொல்லல மாப்ள. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. பேரியம் உப்புப் போட்டுப் பட்டாசு செய்யப்படாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் விக்கலாம்னு. கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் எல்லாம் பேரியம் நைட்ரேட்ட நம்பியே பொழச்ச சாமான். பக்குவம் தெரிஞ்ச சமையல்காரன்கிட்ட உப்பப் பிடுங்கிட்டா என்ன செய்வான்? ஆலைய மூடிட்டு உக்காந்துட்டாக. 2019 பிறந்த பெறகும் பல ஆலையில கதவு திறக்கல. பெறகு புது மருந்துக் கலவை, புது லைசென்ஸு, புது ஸ்டிக்கருன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. அதுபோக மழை பேஞ்சா காய வைக்க வெயில் கிடையாது. எங்கயாச்சும் ஒரு ஆலையில விபத்துன்னா, அடுத்த நாளே பக்கத்து ஆலைகளுக்கும் அதிகாரிக போவாக, ஏழெட்டு லைசென்ஸு தொங்கும். செத்தவுக கூலிக்காரவுக. அந்தக் குடும்பத்துக்கு வந்த தட்டுப்பாட்ட எந்த விலைப்பட்டியல்லயும் போட மாட்டாக.

நம்ம சிவகங்கைச் சீமை பாக்காத தட்டுப்பாடா? 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூர்ல மருது பாண்டியர்களத் தூக்குல போட்டான் வெள்ளைக்காரன். டிசம்பர்ல எட்வர்ட் கிளைவ்னு மெட்ராஸ் கவர்னரு, இனிமே எவனும் ஆயுதம் வச்சிருக்கப்படாதுன்னு பிரகடனமே போட்டாரு. வேலும் துப்பாக்கியும் வீடு வீடாப் பறிபோச்சு. அந்த ஊர்ல பொறந்துட்டு, நீ ஒரு சுருள் கேப்பு கிடைக்கலைன்னு முகத்தத் தொங்கப் போடுற.

அடுத்து, தள்ளுபடி. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் கடைக்காரரு ஒரு பித்தளைக் கூஜாவ எடுத்து வச்சு, இது 5,000 ரூவா, உங்களுக்காக 1,000-ன்னு சொன்னா நீ என்ன செய்வ? சிரிச்சுட்டு, 600-க்குத் தருவீகளான்னு கேப்ப. அதே கணக்க ஒருத்தன் கலர்ல அச்சடிச்சு, ஒரு பக்கத்துல 5,000-ஐக் கோடு போட்டு அடிச்சு, இன்னொரு பக்கத்துல 80 சதவீதம்னு நட்சத்திரத்துக்குள்ள எழுதிட்டா உன் கை தானா கூகுள் பேக்குப் போயிருது. பெட்டியில போட்ட விலைக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு மாப்ள. எம்புட்டு அச்சடிக்கலாம்னு எவனும் கேக்கல. 200 அச்சடிச்சா 40-க்கு விக்கலாம், 400 அச்சடிச்சா தள்ளுபடி 90 சதவீதம் ஆயிரும். சரக்கு அதே கம்பி மத்தாப்பு, விலை அதே 40 ரூவா. 10 சதவீதம் கூடுதலா சந்தோசம். பட்டாசுக்கு ஜி.எஸ்.டி.யக் கூட 2017-ல 28-ல இருந்து 18-க்குத்தான் இறக்குனாக. டெல்லிக்காரவுகளாலயே பத்துப் புள்ளிதான் குறைக்க முடிஞ்சுச்சு, உன் கடைக்காரன் ஒரே ராத்திரியில எம்பதக் குறைக்கிறான். அவன் கையில நிதித்துறையக் குடுத்தா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா யோசனை.

சரி, அந்த வெப்சைட்டக் காட்டு. பட்டாச ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு அதே 2018 தீர்ப்புல சொல்லியாச்சு. இங்க கீழ பாரு, எறும்பெழுத்துல. இது விற்பனை இல்ல, விசாரணை மட்டும். நீங்க விசாரிச்சா நாங்க கூப்பிட்டுப் பேசுவோம்னு போட்டிருக்கான். நீ 42 உருப்படிய டிக் பண்ணி விசாரிப்ப. அவன் எஸ்டிமேட்டுன்னு ஒண்ணு அனுப்புவான். நீ அட்வான்சுன்னு ஒண்ணு அனுப்புவ. ரெண்டு பேரும் எதையும் விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. ஒழுங்கான கடைக்காரவுக சரக்க அனுப்பிருவாக, அவுகளச் சொல்லல. ஆனா அதே படத்த, அதே பட்டியலத் திருடிப் போட்டு, பணம் விழுந்ததும் போன அமத்திட்டுப் போறவனும் இருக்கான். சைபர் கிரைம் போலீஸு இதைத்தான் தீபாவளிக்கு முன்னாடி எச்சரிக்கையா விடுது. அவனும் ஒரு விதத்துல சட்டத்த மதிக்கிறவன்தான். ஆன்லைன்ல பட்டாசு விக்கப்படாதுன்னாக, அவன் விக்கல.

இனி நம்ம தொழிலுக்கு வா. ஒரு பேச்சுக்கு, 15,000 ரூவாப் பட்டியலு, 80 போக 3,000-ன்னு வச்சுக்க. பேக்கிங் 3 சதவீதம், 90. போகட்டும். லாரி வாடகை? எஸ்டிமேட்டுல இருக்கா? இருக்காது. 'டூ பே'ன்னு இருக்கும், அதாவது சரக்கு இறங்குற எடத்துல நீ கட்டணும். எடம் உன் வீட்டு வாசல்னு நினைச்சியா? வீட்டுக்கெல்லாம் வராது. லாரி ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளு கூப்பிட்டு, பண்டல் வந்து கெடக்குன்னு சொல்லுவான். போனா பில்டிய எடுத்து வச்சு வாடகை, ஏத்துகூலி, இறக்குகூலி, பில்டிச் சார்ஜுன்னு வரிசையாப் படிப்பான். அந்த வரிசைய நானே எத்தனை பேருக்குப் படிச்சிருக்கேன். மொதல் வரிக்குச் சண்டைக்கு வருவாக, மூணாவது வரியில அசந்து போயிருவாக, நாலாவத எவனும் கேக்கிறதே இல்ல. அதுனால வசூலாகாத காச எப்பவும் நாலாவது வரியிலதான் எழுதணும். பெறகு அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ. ரெண்டு நாள் லேட்டாப் போனா டெமரேஜு. பெட்டிய உடைச்சுப் பாத்தா அணுகுண்டு ரெண்டு பாக்கெட்டு இருக்காது. அதுக்குப் பதிலா நீ கேக்காத பாம்பு மாத்திரை இருக்கும். ஸ்டாக் இல்ல சார், அதான் மாத்தி வச்சோம்பான். தட்டுப்பாடு அங்கதான் மறுபடி வந்து நிக்கும்.

வாடகை ஏன் இம்புட்டுன்னு கோவப்படாத. சேலைப் பண்டலோட பட்டாசுப் பண்டலப் போட்டு அனுப்ப முடியாது. வெடிபொருள் சட்டம் 1884-ல இருந்து இருக்கு. ஏத்துறதுக்கு, வைக்கிறதுக்கு, இறக்குறதுக்கு எல்லாத்துக்கும் விதி. விதிய விட்டா என்ன ஆகும்னு உங்க பெங்களூருக்குப் பக்கத்துலயே பாத்தோம். 2023 அக்டோபர் 7, அத்திப்பள்ளி. லாரியில இருந்து கடைக்கு சரக்கு இறக்குறப்பப் பிடிச்ச தீ. பதினாலு பேருக்கு மேல போயிட்டாக, நிறையப் பேரு நம்ம தமிழ்நாட்டுப் பசங்க, சீசன் வேலைக்குன்னு போனவுக. பண்டல் தூக்குறவன் கூலியில மட்டும் பேரம் பேசாத மாப்ள. மத்த எல்லாத்துலயும் பேசு.

வாடகைய மிச்சம் பிடிக்க இன்னொரு யோசனை உனக்கு வந்திருக்குமே? சிலம்பு எக்ஸ்பிரஸு சிவகாசியில ஏத்திக்கிட்டு காரைக்குடியில நேரா இறக்கி விடும். ஒரு பைதானே, சீட்டுக்கு அடியில தள்ளிட்டாப் போச்சுன்னு. தாராளமா செய். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவுல 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்லைன்னா 1,000 ரூவா வரைக்கும் அபராதம், அதுவும் இல்லைன்னா ரெண்டும். மூணு வருசச் சாப்பாடும் அரசாங்கச் செலவு. இதுக்கு மேல தள்ளுபடி சிவகாசியில கிடையாது.

கப்பல்ல வாடகை கட்டிக் கொண்டாந்தவனே மாட்டுறான். 2025 தீபாவளி சமயத்துல தூத்துக்குடித் துறைமுகத்துல ரெண்டு கன்டெய்னரத் திறந்திருக்காக. முன்வரிசையில வேற சாமானு, பின்னாடி பூராம் சீனப் பட்டாசு, ஏறக்குறைய 5 கோடி ரூவாய்க்கு. சிவகாசிக்கு ரெண்டு மணி நேரத் தூரத்துல நின்னுக்கிட்டு சீனாக்காரன்கிட்டப் பட்டாசு வாங்கியிருக்கான்! அவன் எந்தத் தள்ளுபடியப் பாத்தானோ.

இம்புட்டும் எதுக்கு? நம்ம தமிழ்நாட்டுல வெடிக்கிற நேரம் காலையில 6-ல இருந்து 7, சாயங்காலம் 7-ல இருந்து 8. ஆக மொத்தம் ரெண்டு மணி நேரம். அதுல காலை ஒரு மணி நேரத்துல நீ எந்திரிக்கப் போறதில்ல. எண்ணெய் வச்சு விட உங்க அம்மா அஞ்சு தடவை கூப்பிடணும். சாயங்காலம் பாதி நேரம் போன்ல போட்டோ எடுப்ப. மிச்சம் அரை மணி நேரம். அதுக்கு 42 உருப்படியா? பக்கத்து வீட்டாளு வெடிக்கிறதக் கேட்டா காசு கேக்க மாட்டான். எதுத்த வீட்டு ராக்கெட்டு வானத்துலதான் வெடிக்குது, அது உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். செலவு மட்டும் அவனுக்கு.

வாங்கித்தான் ஆகணும்னா, தள்ளுபடி எம்புட்டுன்னு வாயத் திறந்து கேக்காத. காரைக்குடியில என் கையில வந்து சேர என்ன ஆகும்னு மட்டும் கேளு, ஒரு பெட்டிக்கு. பதில் சொல்றதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் இருமுறான்னு கவனி. பெறகு அந்த விலைய எடுத்துக்கிட்டு நம்ம ஊர்ல லைசென்ஸு வச்சிருக்கிற கடைக்குப் போ. தெருவுல நாலு வீட்டுக்குச் சேத்துக் கேட்டா அவரும் கொஞ்சம் இறங்கி வருவாரு. தீபாவளி அன்னைக்குச் சாயங்காலம் போனா இன்னும் இறங்குவாரு. மிஞ்சுன சரக்க எங்க வைக்கிறதுன்னு அவருக்கு வயித்துல புளி கரைக்கிற நேரம் அது. ஆனா அப்ப கேப்பு இருக்காது, பொண்டாட்டி மூஞ்சியிலயும் சிரிப்பு இருக்காது. அதுக்கு நான் பொறுப்பில்ல.

நான் எங்க இருப்பேனா? திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில ஒரு சிநேகிதக்காரன் இருக்கான், அங்க போயிருவேன். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிற ஊரு. வெளிநாட்டுல இருந்து வர்ற கொக்கும் நாரையும் பயந்துரும்னு அந்த ஊர்க்காரவுக தலைமுறை தலைமுறையா தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல. உனக்கு அங்க பொண்ணு பாத்திருக்கணும். அப்ப புத்தி இல்லாமப் போச்சு. வெடிக்காம இருக்கிறதுக்காக வனத்துறைக்காரவுக வந்து ஊருக்கு இனிப்பு குடுக்கிறாக. பேக்கிங் சார்ஜு கிடையாது, டூ பே கிடையாது, லாரி ஆபீஸுக்கு அலையிறது கிடையாது. போன வருசம் லட்டுல முந்திரி மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு.