மாமியார் உலக்கை பிடித்தார், மருமகள் டம்பெல் பிடிக்கிறார்

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங். மழை வந்தால் மொட்டை மாடித் தாழ்வாரத்திலாவது சுற்றிவிடுவேன். அப்படியும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் முதுகெலும்பு எண் முன்பைவிட இறங்கியிருக்கிறது. இந்த எலும்புக்குக் கொஞ்சமாவது நன்றி உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: நன்றியெல்லாம் உண்டு. வேலைதான் போதவில்லை. நடையால் இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ள ரொம்ப நல்லது. ஆனால் ஐம்பது வருடமாக நடந்தே பழகிய எலும்புக்கு இன்னொரு நடை என்பது பழைய செய்தி. இருப்பது கரையும் வேகத்தை அது கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். புதிதாக வளர்க்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

1984-ல் கிளின்டன் ரூபின், லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பறவையின் இறக்கை எலும்பை அசைவில்லாமல் ஒதுக்கி வைத்து, கருவியால் அதை அழுத்திப் பார்த்தார்கள். சும்மா விட்டபோது எலும்பு கரைந்தது. நாளுக்கு 4 முறை அழுத்தியபோது கரைவது நின்றது. 36 முறை அழுத்தியபோது புது எலும்பு வளர்ந்தது. அப்படியானால் 1,800 முறை அழுத்தினால் எலும்பு உலக்கை மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றும். 36-க்குக் கிடைத்ததற்கு மேல் ஒன்றுமே கிடைக்கவில்லை! எத்தனை தடவை என்பதைவிட எவ்வளவு பாரம், எவ்வளவு சுருக்கென்று, எவ்வளவு வழக்கத்துக்கு மாறாக என்பதைத்தான் எலும்பு பார்க்கிறது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது இதனால்தான். பாரமே இல்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரைவதும் இதனால்தான்.

சேலத்து வாசகி நடையை விட வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது என்ன என்பது சற்றுக் கீழே, திருச்சி வாசகிக்கான பதிலில் இருக்கிறது.

கேள்வி: மாதவிடாய் நின்றால் நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது எலும்பு போகிறது என்கிறார்கள். இது என்ன கணக்கு?
– வாசகி, காரைக்குடி

பதில்: கரைக்கும் செல்களுக்கும் கட்டும் செல்களுக்கும் இடையிலான கணக்கு. எலும்புக்குள் ஒரு கூட்டம் பழையதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு கூட்டம் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். கரைக்கிற கூட்டத்தை அதட்டி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது விடைபெற்றதும் அதட்ட ஆளில்லை. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் குறைகிறது. அப்புறம் வேகம் தணிகிறது.

பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், முதுகெலும்பு நொறுங்கி வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மாதவிடாய் நின்ற பெண்களாக இருப்பதைக் கவனித்து, 1940-களின் தொடக்கத்தில் அதை எழுதிவைத்தார். அதற்கு முன்பு அது வெறும் மூப்பு. பாட்டி கூன் விழுந்து குள்ளமானால் அதற்குக் காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி: எனக்கு வயது 62. டி-ஸ்கோர் மைனஸ் 2.6. மகன் ஜிம்முக்குப் போ, வெயிட் தூக்கு என்கிறான். அவன் அப்பாவோ, "தண்ணீர் கேனைக்கூடத் தூக்காதே, முதுகு போய்விடும்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, திருச்சி

பதில்: அப்பாவுக்குப் பாசம் அதிகம், மகனுக்கு அவசரம் அதிகம். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் இருக்கும் கிரிஃபித் பல்கலைக்கழகத்துக்கு முதலில் போய்விட்டு வரலாம்.

டி-ஸ்கோர், அதாவது எலும்பு அடர்த்தியை இளம் வயதுச் சராசரியோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.5-க்கோ அதற்குக் கீழேயோ போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை, என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தவர்களுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட அறிவுரை, திருச்சி வீட்டுக்காரர் சொன்னதேதான்: பாரம் தூக்காதே. கிரிஃபித்தில் பேராசிரியர் பெலின்டா பெக் குழுவினர் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். அந்த ஆய்வுக்கு லிஃப்ட்மோர் என்று பெயர். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். சராசரி வயது 65. பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் இலகுவான பயிற்சி. மீதிப் பேருக்கு இரும்பு.

இரும்பு என்றால் நிஜமாகவே இரும்பு. தரையில் கிடக்கும் பாரக் கம்பியை முதுகு வளையாமல் பிடித்து, இடுப்பை நிமிர்த்தி எழுந்து நிற்பது, இதுதான் டெட்லிஃப்ட். கம்பியைத் தோளில் சுமந்து குந்தி எழுவது, தலைக்கு மேலே தூக்குவது. அப்புறம் உயரத்தில் இருக்கும் கம்பியைத் துள்ளிப் பிடித்து மேலே எம்பி, 'தொம்' என்று தரையில் இறங்குவது. இந்தக் கடைசி வித்தையை 65 வயதில் செய்வதைப் பார்த்தால் திருச்சி வீட்டுக்காரர் மயங்கி விழுந்துவிடுவார். தூக்கும் எடையும் சாமானியமில்லை. ஒரே ஒரு தடவை மூச்சைப் பிடித்து 40 கிலோ தூக்க முடிகிறவர் என்றால், குறைந்தது 34 கிலோவை ஐந்து தடவை. அப்படி ஐந்து சுற்று. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம்தான்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், இரும்பு தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. இலகுப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு முறிந்ததா? ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு. அவ்வளவுதான்.

இனி மகனுக்கு. அந்தப் பெண்கள் முதல் நாளே பாரத்தில் கை வைக்கவில்லை. முதல் மாதம் முழுக்க வெறும் உடம்பாலும் லேசான எடையாலும் அசைவுகளைப் பழகினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் நின்றார். தெருமுனை ஜிம்மில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே "இன்னும் ரெண்டு, ஆன்ட்டி!" என்று கத்துகிற பையன் அதற்கு ஈடாக மாட்டான். மருத்துவரையும், எலும்புப்புரை பற்றித் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மருந்து எழுதியிருந்தால் அது தனி. பாரம் தூக்குவதால் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: என் மாமியார் கிணற்றில் நீர் இறைத்தார், உலக்கை பிடித்தார், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார். ஜிம் வாசலையே பார்த்ததில்லை. வீட்டு வேலையே போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் செய்த வீட்டு வேலை என்றால் பேசலாம். மிக்ஸி பொத்தானை அழுத்துவதில் கட்டைவிரலைத் தவிர வேறெந்த எலும்புக்கும் சேதி போவதில்லை.

கேள்வி: யோகா வகுப்பில் பச்சிமோத்தானாசனம் செய்கிறேன். நெற்றி முழங்காலைத் தொட இன்னும் இரண்டு அங்குலம்தான் பாக்கி. முதுகெலும்பு பலவீனம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. தொடரலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த இரண்டு அங்குலம் அப்படியே பாக்கியாக இருக்கட்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெஹர்ஷீத் சினாகி என்ற மருத்துவர், முதுகெலும்பில் புரை விழுந்த 59 பெண்களைக் கவனித்து 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கே புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு! குனிந்தவர்கள் மொத்தமே 9 பேர் என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் காரணம் தெளிவு: குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்க விளிம்பில்தான் முழு அழுத்தமும் இறங்குகிறது.

குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம் போன்றவை வேறு ரகம். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் தசைகளை இரண்டு ஆண்டு வலுவாக்கிய பெண்களை சினாகி குழுவினர் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுக்கு முள்ளெலும்பு முறிவு குறைவாகவே இருந்தது. ஸ்கேன் அறிக்கையை யோகா ஆசிரியரிடம் காட்டாமல் பீரோவில் பூட்டி வைப்பதில் பயனில்லை.

கேள்வி: நீச்சல்?
– வாசகி, சென்னை

பதில்: மூட்டுக்கு சுகம், மூச்சுக்கு சுகம். எலும்புக்கு விடுமுறை.

கேள்வி: தினமும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன், கால்சியம் மாத்திரையும் போடுகிறேன். இதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?
– வாசகி, தருமபுரி

பதில்: கேழ்வரகு நல்ல தேர்வு, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆனால் செங்கல் வந்து இறங்கிவிட்டால் மட்டும் வீடு எழும்பாது, கொத்தனாருக்கு யாராவது வேலை சொல்ல வேண்டும். அதைச் சொல்வது பாரம்.

கேள்வி: போன மாதம் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. அடுத்து இடுப்பா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பயம் நியாயமானதுதான். விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வதை டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்துவிட்டார், எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருடம் முன்பு. இன்றைக்கு மருத்துவர்கள் அதைப் பலவீன எலும்பின் முதல் எச்சரிக்கையாகப் பார்க்கிறார்கள். மாவுக்கட்டைப் பிரித்ததோடு விட்டுவிடாமல் டெக்சா எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கூடவே விழாமல் இருக்கப் பழக வேண்டும். 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையின்படி, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது. முக்கியமாக, நிலை தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சிகள். பால் பொங்கும்வரை சமையல் மேடையில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவது உடற்பயிற்சி அல்ல. ஆனாலும் அதை இந்த வாரமே செய்துவிடலாம்.

கேள்வி: ஆறு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, எலும்பு தேறியதும் நிறுத்திக்கொள்ளலாமா?
– வாசகி, பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: பெயரை மறைத்ததிலேயே பதில் அவருக்குத் தெரியும் என்று புரிகிறது. அமெரிக்காவில் 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், 55 முதல் 70 வயதுவரையான பெண்கள் 22 மாதப் பயிற்சியில் முதுகெலும்பின் தாதுச்சத்தை 6.1 சதவீதம் கூட்டினார்கள். பயிற்சியைக் குறைத்து 13 மாதம் ஆனதும் கையில் மிஞ்சியது 1.1 சதவீதம்.