தொப்பம்பட்டியில் இருந்தபடியே பிரெஞ்சு வினைச்சொல்லை உச்சரிப்பது எப்படி?

பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அள்ளலாம்தான். எழுதத்தானே போகிறோம்! வாயைத் திறந்து பேசியே தீருவேன் என்பவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

முதலில் அசை. நேர், நிரை என்று வாய்பாடு சொல்லக் கிளம்பாதீர்கள். அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். 'பேசு' என்ற வினையின் நிகழ்காலத்தை ஏட்டில் ஐந்து விதமாக எழுதுவார்கள். வாயில் வருவது மூன்றே. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் 'பார்ல்'. ஓரசை. 'அவர்கள்' வரும்போது வால்பக்கம் ஈ, என், டீ என்று மூன்று எழுத்து நிற்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு வராத ஆட்கள் மாதிரி. வாயில் விழுங்குங்கள், பேப்பரில் விழுங்கினால் மார்க் போகும். 'நாங்கள்' என்றால் பார்-லோன், 'நீங்கள்' என்றால் பார்-லே. லோனில் நாக்கு மேலே ஒட்டக் கூடாது, மூக்கிலேயே நிற்க வேண்டும். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் மட்டும் வராது.

அதற்காக ஈ-என்-டீயை எங்கே கண்டாலும் விழுங்காதீர்கள். மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று பிரெஞ்சு வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. மடமும் அடைகாப்பதும் எழுத்தில் அச்சு அசல் ஒன்றே. மடம் 'கூவான்', அடைகாப்பது வெறும் 'கூவ்'. சேவல்தானே கூவும் என்று கேட்டு வாத்தியாரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நோட்டில் தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்கும் கெட்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதும் 'அவர்களிடம் இருக்கிறது' என்பதும் உங்கள் நோட்டில் 'இல்ஸோன்' என்றே விழும். இரண்டாவதில், 'அவர்கள்' என்ற சொல்லின் கடைசியில் தூங்கிய மெய், அடுத்து உயிர் வந்ததும் எழுந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துப் புணர்ச்சிதான், பயப்படாதீர்கள். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள்: அந்த ஸ அதிர்ந்தால் 'இருக்கிறது', அதிராவிட்டால் 'இருக்கிறார்கள்'.

பயிற்சிக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் உத்தமம். ஏலச் சத்தத்தில் என்ன தப்பாகச் சொன்னாலும் யார் காதிலும் விழாது. திருத்த ஆள் வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுங்கள். 1954-இல் ஊர் கைமாறினாலும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பார்லோன்' என்று ஆரம்பித்தால், "எந்த ஊருங்க?" என்று தமிழில் கேட்பார்கள்.