சிங்களத்தில் வருத்தப்படப் பயிற்சி வேண்டி

சுகாதார அமைச்சு,
'சுவசிரிபாய',
கொழும்பு 10.

பெருமதிப்புக்குரிய அமைச்சே,

அமைச்சர் பெயரைப் போடாமல் கட்டடத்துக்கே எழுதுகிறேன். அமைச்சர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், கட்டடம் அங்கேயே நிற்கிறது. உங்கள் வீட்டுப் பெயருக்குச் சுகம் செழிக்கும் மாளிகை என்று பொருளாம். எங்களுடையது லயம், அதற்கு நம்பர் மட்டும்தான்.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் படிப்பித்து, பென்ஷன் வாங்கி, இப்போது முழுநேர நோயாளியாகக் கடமையாற்றுபவன். சீனி, பிரஷர் இரண்டும் உண்டு. சேவைக்காலம் பதினொரு வருஷம். கிளினிக் கொப்பி மூன்றாவது.

விஷயம் இதுதான். எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த கிளினிக்கில் என் கொப்பி அடுக்கின் அடிக்குப் போய்விடும். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இடம் பிடித்து நிற்க, பெரியம்மா தனியாக உள்ளே போனார். "மொகத அமாருவ?", என்ன வருத்தம் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். "நெஞ்சு கரிக்குதுங்க தொரை, ராவெல்லாம்" என்றார் பெரியம்மா. பக்கத்தில் நின்ற அட்டெண்டன் உதவிக்கு வந்து, "பப்புவ ரிதெனவலு" என்று மொழிபெயர்த்தார். நெஞ்சு வலிக்கிறதாம். கரிப்பு, வலியாகிவிட்டது. உடனே ஈ.சி.ஜி., பிறகு வார்ட், ஒரு ராத்திரி.

டொக்டரை நான் குறை சொல்லவில்லை. நெஞ்சு வலி என்று காதில் விழுந்த பிறகு ஈ.சி.ஜி. எடுக்காதவர்தான் பிழையான டொக்டர். மறுநாள் காலையில், இதயம் நல்ல நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வயதில் அப்படியொரு சான்றிதழ் கிடைத்ததில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைதான். கரிப்பு மட்டும் அவரோடு பஸ் ஏறித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. துணைக்கு நின்ற மருமகளுக்கு இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், போனது. ஒரு பேருக்கு 1350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் வர்த்தமானியில் போட்டீர்கள். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறோம்: எங்களுக்குச் சிங்களத்தில் வருத்தப்படப் பயிற்சி தாருங்கள். காய்ச்சல், தலையிடி, வயிற்றுவலி மூன்றும் ஏற்கெனவே பாடம். கிறுகிறுப்பு, மேல்காந்தல், கைகால் ஓய்ச்சல், படபடப்பு ஆகியவைதான் கஷ்டம். பயிற்சி முடியும்வரை வாய் தேவைப்படாத வருத்தங்களோடு மட்டும் வருகிறோம். குளவி கொட்டினால் மொழிபெயர்ப்பே வேண்டாம், முகமே சொல்லிவிடும்.

உங்கள் பக்கம் ஒரு குறையுமில்லை என்று தெரியும். 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. 1999 இல் எங்கள் மாவட்டத்துப் பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, ஹல்துமுல்லை எல்லாம் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானி சொன்னது. 2007 இல், புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து வருஷத்துக்குள் மற்ற மொழியையும் படித்துத் தேறவேண்டும் என்று சுற்றறிக்கை போனது. எங்களுக்கு வரும் டொக்டர் இரண்டு வருஷத்தில் மாறிப் போகிறார். மிச்ச மூன்று வருஷப் படிப்பை எங்கே முடிக்கிறாரோ தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ஓ.பி.டி.யில் என் கொப்பியை மட்டும் பார்த்த ஒருவரை, அன்று மாலை டவுனில் காசு கட்டிச் சேனல் பண்ணிப் பார்த்தேன். "வாங்க மாஸ்டர், ராவைக்கு நல்லா தூக்கம் போகுதா?" என்றார். சுத்தத் தமிழ்! சுற்றறிக்கை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் அமுலுக்கு வரும் போலிருக்கிறது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கே போகலாமே என்பீர்கள். அங்கே தமிழுக்குக் குறைவில்லை. டிஸ்பென்சரி ஐயாவுக்கு எங்கள் மூன்று தலைமுறை வருத்தமும் மனப்பாடம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. 1912 இல் வெள்ளைக்காரன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்றை எழுதி, தோட்டத்து ஆளின் காய்ச்சலைத் தொரையின் பொறுப்பில் வைத்தான். எழுபதுகளில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992 இல் கம்பெனிகளுக்கு வந்தது. காய்ச்சல் தொரையிடமே தங்கிவிட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகளை நீங்கள் பொறுப்பேற்பதாக முப்பது வருஷமாகச் சொல்கிறீர்கள். சிலதை எடுத்தும் இருக்கிறீர்கள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். எடுக்காத இடங்களில், வேலைக்குப் போகமுடியாது என்ற துண்டை எழுதும் பேனா கம்பெனியுடையது. கொழுந்து மலிந்த மாதங்களில் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வருத்தம் வருவதில்லை.

நன்றி சொல்லவும் ஒன்று உண்டு. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ். முன்பு கம்பளியில் கட்டித் தூக்கி, கொழுந்து லொறியில் ஏற்றித்தான் பதுளைக்குக் கொண்டுபோவோம். இப்போது போன் எடுத்தால் மறுமுனையில் தமிழில் கேட்கிறார்கள், வண்டியும் மெயின் ரோட்டுவரை வருகிறது. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மட்டும் பழைய கம்பளி.

கடைசியாக ஒரு முறைப்பாடு. மாத்தறைப் பக்கமிருந்து ஒரு சின்ன வயது டொக்டரம்மா வந்திருந்தார். வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு குட்டிக் கொப்பி வைத்திருப்பார். அதில் எங்கள் வார்த்தைகளைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்து, "ஆச்சி, எங்க நோவுது? எப்ப இருந்து?" என்று எழுத்துக்கூட்டிக் கேட்பார். பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். வரிசை நீண்டது. தாதி மிஸ்ஸிமார் முகம் சுளித்தார்கள். எனக்குச் சீனி ஏன் இறங்கவில்லை என்று விசாரித்து, ஒரு தாளில் நாலு ரொட்டி வரைந்து இரண்டை வெட்டினார். பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பத்து வருஷமாக இரத்தத்தைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள், காலைக் குனிந்து பார்த்தவர் இவர்தான். உள்ளங்காலில் எனக்கே தெரியாத ஒரு புண் இருந்தது. விரல் இன்றைக்கும் பத்தும் இருக்கிறது.

இப்படி நடந்துகொள்ள அவருக்கு எந்தச் சுற்றறிக்கை அதிகாரம் கொடுத்தது என்று விசாரிக்கவேண்டும் என்று எழுத நினைத்தேன். அதற்குள் அவருக்கு மாற்றம் வந்துவிட்டது. போகும்போது குட்டிக் கொப்பியை அடுத்து வருபவருக்கென்று மேசை லாச்சியில் வைத்துவிட்டுப் போனாராம். லாச்சிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று போன கிளினிக்கில் கேட்டேன். "தன்னே நே" என்றார்கள். தெரியாதாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் சிங்களத்தில் வரும் என்று தெரியும். பரவாயில்லை, சந்திக் கடை முதலாளி வாசித்துச் சொல்வார். பெரியம்மாவின் கரிப்புக்குக்கூட அவர்தான் ஒரு இஞ்சிச் சோடாவை உடைத்துக் கொடுத்தார். ஒரு பெரிய ஏப்பத்தோடு அது போய்விட்டது.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள நோயாளி,
கிளினிக் கொப்பி மூன்று.