மருமவனே, மொதல்ல நிக்கச் சொல்லிக் குடு

மருமவனே, நீ இஸ்கூலுக்கு ரகர் கோச் ஆயிட்டன்னு ஒங்கம்மா வந்து சொல்லிட்டுப் போனா. சந்தோசம். கழுத்துல விசில் தொங்குறது ஒனக்கு நல்லாத்தான் இருக்கு. நேத்து சாயங்காலம் மேட்டுல குந்திக்கிட்டு நானும் பார்த்தேன். பயலுக தூரத்துல இருந்து கெடா மாதிரி ஓடியாந்து ஸ்க்ரம் மெஷின்ல முட்டுறானுங்க, நீ கைதட்டுற. மெஷினுக்கு ஒண்ணும் ஆவல. அது இரும்பு.

அந்த முட்டுற காலமெல்லாம் மலையேறிப் போச்சுய்யா. 2013ல இருந்து ரெஃப்ரி சொல்றதே மூணுதான்: கிரவுச், பைண்ட், செட். ரெண்டாவது சொல்லுலயே எதிராளி ஜேர்சியப் புடிச்சாவணும். ஒருத்தன் சட்டையக் கையில புடிச்சிக்கிட்டு எங்கேருந்து ஓடியாறது? நீ படிக்கிற காலத்துல பார்த்த ஆட்டத்த இப்பவும் சொல்லிக் குடுக்குற. நான் தரவளை கிரவுண்டுல தொரமாருங்க ஆடுனதப் பார்த்து வளர்ந்தவன், நானே மாத்திக்கிட்டேன். ஒனக்கென்ன வலிக்குது?

ஆள் எடுத்தியே, அதப் பத்தியும் சொல்லணும். வகுப்புல எவன் தடியனோ அவனையெல்லாம் புடிச்சி முன்வரிசையில போட்டுட்ட. ஒரு நாளைக்கு ஒண்ணாம் நம்பர், மறுநாளைக்கு மூணாம் நம்பர்னு மாத்தி மாத்தி வேற விடுற. எல்லாப் பயலுக்கும் எல்லாம் தெரியணுமாம். பெரிய மனசுதான். ரெண்டு பேரும் ப்ராப்தான், ஆனா ஒண்ணாம் நம்பர்காரனுக்கு எடது பக்கம் காத்தாட வெளிய இருக்கும், பாரம் வலது தோள்ல. மூணாம் நம்பர்காரன் தலைய எதிராளி ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல சொருவுறான். அவனுக்கு ரெண்டு தோள்லயும் பாரம். கால் வைக்கிற விதத்துல இருந்து எல்லாமே வேற. 2019ல யோகோஹாமாவுல உலகக் கோப்பை ஃபைனல். இங்கிலாந்தோட மூணாம் நம்பர் சின்க்ளர் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தலையில அடிபட்டு வெளிய போயிட்டாரு. டான் கோல் வந்தாரு, அனுபவஸ்தர்தான். எதிர்ல தென்னாப்பிரிக்காவோட ஒண்ணாம் நம்பர், பீஸ்டுன்னு கூப்புடுற ம்டவாரிரா. ஸ்க்ரம்ல தென்னாப்பிரிக்காக்காரங்க பெனால்டி மேல பெனால்டி வாங்குனாங்க, அவங்க போலார்ட் ஒதைச்சு ஒதைச்சுப் புள்ளி சேர்த்தாரு. 32க்கு 12ன்னு இங்கிலாந்து தோத்துச்சு. அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதி. நீ எட்டாம் வகுப்புப் பயல நாளுக்கொரு பக்கம் மாத்துற.

மாத்தாம ஒண்ணாவே வச்சா எப்புடி இருக்கும்னு கேளு. வேல்ஸ்ல பொன்டிபூல்னு ஒரு ஊரு. ஃபோக்னர், வின்ட்சர், பிரைஸ்னு மூணு பேரு அந்த ஊர் கிளப்புல ஒண்ணாவே ஸ்க்ரம் போட்டவங்க. 1975ல பாரிஸ்ல வேல்ஸ் நாட்டு டீமுக்கும் மூணு பேரும் சேர்ந்தே எறங்குனாங்க. அவங்க கிளப் கோச் ரே ப்ராசர் பயலுகளப் பார்க்குக்குப் பின்னால இருக்குற குன்றுல ஓட உட்டவரு. நம்ம ஊர்ல எந்தப் பக்கம் ஓடுனாலும் மேடுதான். காசு செலவில்ல.

இப்பக் கேளு, நெசமாச் செய்ய வேண்டியத. மெஷினத் தொடாத. ஒன் முன்வரிசைப் பயலுக மூணு பேரையும் தோளு அகலத்துக்குக் கால விரிச்சிக் குனியச் சொல்லு. முழங்கால் மடங்கணும், முதுகு நேரா இருக்கணும், நாடி நெஞ்சுல ஒட்டக் கூடாது. தோளு இடுப்புக்குக் கீழ எறங்குனா ரெஃப்ரி ஊதிருவாரு, அதுக்கு முன்னால மூக்கு மண்ணுல இருக்கும். ஒவ்வொருத்தன் முதுகுலயும் ஆறிப்போன பிளேன்டீ ஒரு கப் வை. கொட்டுனா அவனே கப்பக் கழுவட்டும். காலப் பின்னால ரொம்ப நீட்டி நிக்கிறவன் மொதல்ல கொட்டுவான், பாரு. அவனுக்கு அழகா நிக்கிறதா நெனப்பு. தள்ளுற பலம் கால்ல இருக்கு, நீட்டிட்டா அப்புறம் எதத் தள்ளுறது?

கொட்டாம நிக்கப் பழகுன பொறவு நடுவுல இருக்குற ஹூக்கரோட ரெண்டு பேரும் இடுப்போட இடுப்பு ஒட்டிப் புடிக்கணும். இடையில காத்துப் போனா அதுக்குள்ள எதிராளி தோளு வரும். அப்புறம்தான் எதிர்ல கை போடுறது. ஒண்ணாம் நம்பர் எடது கைய எதிராளி கைக்கு உள்ளால உட்டுப் புடிக்கணும், மூணாம் நம்பர் வலது கைய வெளியால போட்டுப் புடிக்கணும். முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோதான் ஜேர்சியப் புடிக்கலாம். கை, காலர் ஆவாது. அந்தக் கையால என்னென்ன திருட்டு வேல செய்யலாம்னு எனக்குத் தெரியும். ஒனக்குச் சொல்ல மாட்டேன், நீ இன்னும் சின்னப் பையன்.

ஒண்ணு மட்டும் வெளாட்டில்ல. கீழ இழுக்குற பயல அன்னிக்கே ஆட்டத்துல இருந்து எடுத்துரு. எவனுக்காவது கழுத்து போனா அவன் அம்மா அப்பனுக்கு நீதான் பதில் சொல்லணும். பத்தொம்பது வயசுக்குக் கீழ ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளவே கூடாதுன்னு சட்டமே இருக்கு, அப்புறம் எதுக்கு இந்த வெறி? மேட்ச் நடுவுல ப்ராப் அடிபட்டு, பழகுன வேற ஆளு இல்லேன்னா ரெஃப்ரிக்கிட்ட சொல்லு. தள்ளாத ஸ்க்ரம் போடுவாங்க. மானம் போச்சுன்னு விங்ல ஓடுற ஒல்லிப் பயல உள்ள தள்ளிறாத.

சாப்பாடு? ஜிம்முல பழச்சாறும் இலை தழையும் குடுக்குறியாமே. தென்னாப்பிரிக்காவுல ஒக்ஸ் என்சேன்னு ஒரு ஒண்ணாம் நம்பர், சாலட் தின்னு ஸ்க்ரம் ஜெயிக்க முடியாதுன்னு சொன்ன மனுசன். ஞாயித்துக்கெழம அந்த மூணு பயலுகளையும் வீட்டுக்கு அனுப்பு, ரொட்டியும் கட்டச் சம்பலும் அத்த போடுவா. நீ வர வேணாம். ஒனக்கு எங்க, விசில் ஊதவே மூச்சு வாங்குது.